காமிராவின் சுமையை இறக்கிவைத்த பாங்கி குமாஸ்தா

போட்டோ பிடிப்பவர் கையில் இருக்கும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவைப் பார்த்திருப்பீர்கள். சில காமிராக்களின் அடியில், செங்கல் துண்டு போலக் கறுப்பாக ஒரு பெட்டி மாட்டியிருக்கும். அதற்குப் பெயர் பாட்டரி கிரிப்.

சாதாரணமாகக் காமிராவின் வயிற்றில் ஒரு பாட்டரிதான் இருக்கும். இந்தப் பெட்டியை மாட்டினால் இரண்டு பாட்டரி போடலாம். சில பெட்டிகளில், கடையில் வாங்கும் சின்ன பாட்டரி ஆறு போட்டும் வேலையை ஓட்டலாம். படம் பிடிக்கும்போது நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. ஆளை உயரவாக்கில் பிடிக்கக் காமிராவைத் திருப்பினால், விரலுக்கு எட்டும் இடத்தில் இன்னொரு பொத்தானும் இருக்கும். மணிக்கட்டை முறுக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் காமிரா கனக்கும். அதனால் நாள் முழுவதும் நடந்து திரிகிறவர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள்.

வேலை நடுவில் நின்றுவிடக் கூடாது. அதற்காகக் காமிராவோடு ஒரு பெட்டியைச் சேர்த்து மாட்டலாம். இந்த யோசனை இன்று நேற்று வந்தது அல்ல. 1885-ம் ஆண்டிலேயே அப்படி ஒரு பெட்டி கடைக்கு வந்துவிட்டது. அதை விற்ற கம்பெனியின் முதலாளி, 14 வயதில் படிப்பை விட்ட ஏழைப் பையன். அவர் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

விதவையின் மகன்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்வில் என்ற சிற்றூரில், 1854-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஈஸ்ட்மன் பிறந்தார். தகப்பனார் ரோச்செஸ்டர் நகரத்தில் கணக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். 1862-ல் அவர் திடீரென்று இறந்துபோனார். அப்போது ஜார்ஜுக்கு வயது 7.

தாயார் மரியா, வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பணம் வாங்கிக் குடும்பத்தை நடத்தினார். மூத்த பெண்களில் ஒருத்தி கேட்டி. இளம்பிள்ளை வாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தவள். அவளும் 1870-ல் இறந்துபோனாள்.

தாயார் படும் கஷ்டத்தைப் பார்த்த பையன் 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டான். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் எடுபிடி வேலை. வாரம் 3 டாலர் சம்பளம். ராத்திரியில் வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதப் படித்தான். 1874-ல் ரோச்செஸ்டர் சேமிப்பு பாங்கியில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. வாரம் 15 டாலர். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய பணம்.

பாங்கி குமாஸ்தாவாகவே அவர் வாழ்ந்திருக்கலாம். ஒரு பிரயாணத் திட்டம் அதைக் கெடுத்தது!

வெயிலில் நின்றவர்கள்

1877-ல் சாண்டோ டொமிங்கோ தீவுக்குப் போய்வர ஈஸ்ட்மன் ஆசைப்பட்டார். போகிற இடத்தைப் படம் பிடித்துக்கொண்டு வரலாமே என்று உடன் வேலை பார்த்தவர் யோசனை சொன்னார். உடனே காமிரா வாங்கினார். அதை உபயோகிக்கக் கற்றுக்கொள்ள 5 டாலர் கொடுத்தார்.

அந்தக் காமிரா இருக்கிறதே, அது ஒரு வண்டிச் சுமை! பெரிய மரப்பெட்டி, கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்து புட்டிகள், தண்ணீர் ஜாடி, இருட்டறையாக உபயோகிக்க ஒரு கூடாரம். கூடாரத்துக்குள் நுழைந்து கண்ணாடியில் மருந்தைப் பூசவேண்டும். பூசிய ஈரம் காய்வதற்குள் படம் பிடிக்கவேண்டும். காய்வதற்குள் மறுபடியும் கூடாரத்துக்குள் ஓடி, படத்தைக் கழுவி எடுக்கவேண்டும். ஒரு படத்துக்கு இத்தனை பாடு.

சாண்டோ டொமிங்கோவுக்கு அவர் போகவே இல்லை. அதற்குப் பதிலாக மாக்கினாக் தீவுக்குப் போனார். அங்கே கல் வளைவு ஒன்று இருக்கிறது. இயற்கையாகவே அமைந்தது. அதைப் படம் பிடிக்க அவர் கூடாரத்துக்கும் காமிராவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்த சிலர், படம் பிடிக்கிறார் என்று அந்த வளைவின்மேல் ஏறி வரிசையாக நின்றார்கள். நல்ல வெயில். அரைமணி நேரம் அசையாமல் நின்றார்கள்.

எல்லாம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் இறங்கி வந்து, படம் என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கு இல்லை, பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறேன் என்றார் ஈஸ்ட்மன். வந்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை நேரம் எங்களை ஏன் வெயிலில் காயவைத்தாய், தொழில்காரன் இல்லை என்று கழுத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்டுக்கொள் என்று திட்டிவிட்டுப் போனார்.

திட்டியவர் மீதும் தப்பு இல்லை. ஒரு படத்துக்கு அரைமணி என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

அடுப்பங்கரையில் ஆராய்ச்சி

ஈரத் தகடு வேண்டாம், உலர்ந்த தகடு செய்ய முடியும் என்று இங்கிலாந்துப் பத்திரிகையில் படித்தார் ஈஸ்ட்மன். மருந்தை ஜெலாட்டின் என்ற பசையில் கலந்து பூசிவிட்டால் காய்ந்த பிறகும் அது வேலை செய்யும். எப்போது வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். கூடாரம் வேண்டாம்.

பகலில் பாங்கி வேலை. ராத்திரியில் தாயாரின் அடுப்பங்கரையில் மருந்தைக் காய்ச்சிக் கலக்கும் வேலை. பல நாள், உடுப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இல்லாமல் அடுப்புப் பக்கத்திலேயே கம்பளியை விரித்துப் படுத்துவிடுவார். காலையில் தாயார் வந்து பார்ப்பார். மகன் தரையில் கிடப்பான்.

தகட்டில் மருந்து பூச ஒரு இயந்திரம் கண்டுபிடித்தார். 1879-ல் லண்டனுக்குப் போய் அதைப் பதிவு செய்தார். மறு ஆண்டு ரோச்செஸ்டரில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்குப் பிடித்துத் தொழில் ஆரம்பித்தார். 1881-ல் ஹென்றி ஸ்டிராங் என்பவர் பணம் போட்டுப் பங்காளியானார். குதிரைச் சாட்டை செய்து விற்றவர் அவர். ஈஸ்ட்மன் வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர்! அதே வருஷம் செப்டம்பர் மாதம் ஈஸ்ட்மன் பாங்கி வேலையை விட்டார்.

விட்ட சில மாதங்களில் இடி விழுந்தது.

கெட்டுப்போன தகடுகள்

ஈஸ்ட்மன் தகடுகளில் படமே விழவில்லை என்று 1882-ல் கடைக்காரர்கள் புகார் செய்தார்கள். ஈஸ்ட்மனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதே மருந்து, அதே கலவை, அதே கை. ஆனால் தகடு மட்டும் ஊமையாகிவிட்டது. தொழிற்சாலையை மூடினார். திரும்பத் திரும்பக் கலந்து பார்த்தார். பலன் இல்லை.

அந்தச் சமயம் அவர் செய்ததுதான் பெரிய காரியம். விற்ற தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நல்ல தகடு கொடுத்தார். கையில் இருந்த பணமெல்லாம் போயிற்று. பெயர் மட்டும் மிஞ்சியது.

இங்கிலாந்துக்குப் போய் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்தில் குற்றம் இல்லை. பசைதான் வேறு! வேறு இடத்தில் இருந்து வந்த ஜெலாட்டின் காலை வாரிவிட்டது. அதன் முழு ரகசியம் 40 வருஷத்துக்குப் பிறகு, ஈஸ்ட்மன் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையிலேயே வெளியாயிற்று. சாமுவேல் ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது ஜெலாட்டின். கடுகு இனச் செடிகளை மேய்ந்த மாடாக இருந்தால், கந்தகம் கலந்த ஒரு பொருள் துளியளவு அதில் சேர்ந்துவிடும். அந்தத் துளிதான் தகட்டுக்குக் கூர்மை கொடுப்பது. மாடு எதை மேய்ந்தது என்பது போட்டோவில் தெரிகிறது, பாருங்கள்!

முதுகில் மாட்டிய பெட்டி

உலர்ந்த தகடு வந்தும் சுமை முழுவதும் இறங்கவில்லை. கண்ணாடி கனக்கும், உடையும். ஒரு படம் பிடித்ததும் தகட்டை எடுத்துவிட்டு வேறு தகடு செருகவேண்டும்.

காமிரா செய்வதில் கெட்டிக்காரரான வில்லியம் வாக்கர் என்பவரைச் சேர்த்துக்கொண்டார் ஈஸ்ட்மன். இருவரும் சேர்ந்து ஒரு பெட்டி செய்தார்கள். உள்ளே இரண்டு உருளை. ஒன்றிலிருந்து மருந்து பூசிய காகிதம் அவிழும், மற்றதில் சுற்றிக்கொள்ளும். 24 படம் வரை நிறுத்தாமல் பிடிக்கலாம். புதுக் காமிரா வாங்கவேண்டியதில்லை. இருக்கிற காமிராவின் பின்புறம், தகடு செருகும் இடத்தில், இந்தப் பெட்டியை மாட்டினால் போதும். 1885-ல் அது விற்பனைக்கு வந்தது.

அந்தப் பெட்டிக்கும் இன்றைய பாட்டரி கிரிப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைய பெட்டி சுமையைக் கூட்டுகிறது. அந்தப் பெட்டி, கண்ணாடிச் சுமையை இறக்கியது.

ஆனால் தொழில்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. காகிதத்தின் நார் படத்தில் தெரிகிறது என்றார்கள், கண்ணாடிக்கே திரும்பினார்கள். ஈஸ்ட்மன் யோசித்தார். போட்டோக்காரர்கள் வாங்காவிட்டால் என்ன? போட்டோவே பிடிக்காத ஜனங்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்களே!

1888-ல் கோடாக் காமிரா வெளிவந்தது. விலை 25 டாலர். உள்ளேயே 100 படத்துக்குச் சுருள் இருக்கும். பிடித்து முடிந்ததும் காமிராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிடவேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கோடாக் என்ற சொல்லுக்கு எந்தப் பாஷையிலும் அர்த்தம் கிடையாது. கே என்ற எழுத்து ஈஸ்ட்மனுக்குப் பிடிக்கும். தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் கில்போர்ன். அதற்கும் முதல் எழுத்து அதுதான்.

1889-ல் காகிதம் போய், கண்ணாடி போலத் தெளிந்த பிலிம் வந்தது. எடிசன் அதை வாங்கித்தான் ஓடும் படம் எடுக்கும் ஆராய்ச்சியை நடத்தினார். 1900-ல் பிரௌனி காமிரா வந்தது. விலை ஒரே ஒரு டாலர்! பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டோ பிடித்தார்கள்.

பாதிரியாரின் வழக்கு

ஈஸ்ட்மன் கதையில் ஒரு கறையும் உண்டு. அதை மறைப்பது சரியல்ல.

பிலிமை முதலில் எண்ணியவர் அவர் கம்பெனிக்காரர் அல்ல. நியூவார்க் நகரத்தில் ஹன்னிபால் குட்வின் என்ற பாதிரியார், 1887-லேயே அதற்கு உரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். மனு 11 வருஷம் இழுத்தது. 1898-ல்தான் உரிமை கிடைத்தது. சொந்தத் தொழிற்சாலை தொடங்கும் முன், 1900-ம் ஆண்டின் கடைசி நாளில் அந்தக் கிழவர் இறந்துவிட்டார். அவருடைய உரிமையை வாங்கிய கம்பெனி வழக்கை நடத்தி ஜெயித்தது. 1914-ல் ஈஸ்ட்மன் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. பாதிரியார் அதைப் பார்க்க இருக்கவில்லை.

பெயர் சொல்லாத தர்மம்

ஈஸ்ட்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய மாளிகை கட்டித் தாயாரை அதில் வைத்துக்கொண்டார். 1907-ல் தாயார் காலமானபோது, நாள் முழுவதும் அழுதார். யார் முன்னாலும் கலங்காத மனிதர்!

பணத்தை வாரிக் கொடுத்தார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1912-ல் 25 லட்சம் டாலர் கொடுத்தபோது, பெயரைச் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டார். மிஸ்டர் ஸ்மித் என்ற ஒருவர் கொடுத்ததாகவே உலகம் நினைத்தது. 1920-ல்தான் குட்டு வெளிப்பட்டது. ஏழைக் குழந்தைகளுக்குப் பல் வைத்தியசாலைகள் கட்டினார். 1919-ல் தன் பங்குகளில் மூன்றில் ஒரு பாகத்தைத் தொழிலாளர்களுக்கே கொடுத்துவிட்டார். அதன் மதிப்பு ஒரு கோடி டாலர்.

கடைசிக் காலத்தில் முதுகெலும்பில் நோய். ஊரெல்லாம் சுற்றியவர், நாலு அடி நடக்கவே திண்டாடினார். தாயாரின் வீட்டில் சக்கர நாற்காலியைப் பார்த்து வளர்ந்தவர் அவர். 1932 மார்ச் 14-ந் தேதி, 77-வது வயதில், தன் வேலை முடிந்துவிட்டது என்று நண்பர்களுக்கு இரண்டு வரி எழுதிவைத்துவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அத்தனை பேருக்குக் கொடுத்தவர், தனக்கு ஆறுதல் தேடிக்கொள்ளவில்லையே என்று நண்பர்கள் துடித்தார்கள். அவருடைய அஸ்தி கோடாக் தொழிற்சாலை வளாகத்திலேயே புதைக்கப்பட்டது.

பிலிமே இல்லாத டிஜிட்டல் காமிராவும் அவர் கம்பெனியில்தான் பிறந்தது. 1975-ல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர் அதைச் செய்தார். எடை 3.6 கிலோ. அதை ஓட்ட 16 பாட்டரி! ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 வினாடி ஆயிற்று. 1991-ல் கோடாக் விற்ற முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவுக்கு, பாட்டரியும் படம் சேமிக்கும் கருவியும் தனிப் பெட்டியில் இருந்தன. போட்டோக்காரர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, காமிராவுக்கு ஒயர் இழுத்துப் படம் பிடித்தார். பிறகு அந்தப் பெட்டி சுருங்கிச் சுருங்கிக் காமிராவுக்குள்ளேயே போயிற்று. அது போதாதவர்கள்தான் அடியில் கிரிப்பை மாட்டுகிறார்கள்.

பிலிமை நம்பி வளர்ந்த கோடாக் கம்பெனி 2012 ஜனவரியில் திவால் மனுக் கொடுத்து, மறு ஆண்டு அதிலிருந்து மீண்டது. ரோச்செஸ்டரில் ஈஸ்ட்மன் தன் தாயாருடன் வாழ்ந்த மாளிகை, 1949 முதல் போட்டோ மியூசியமாக இருக்கிறது.