குக் தீவுகளின் முதற் பிரதமர்

பிறந்த ஊரை நீங்கி, பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்று வாழ்வோர் உள்ளத்தில் ஊர்ப்பற்று குன்றுவதில்லை. தொலைவு மிகுந்தோறும் அதுவும் மிகுகின்றது. அப்பற்றினைத் துணையாகக் கொண்டு ஒரு நாட்டின் தலைமையை எய்தியவர் ஒருவர். பின்னாளில் அதே பற்றினை முறைதவறிப் பயன்படுத்தியதால் அத்தலைமையை இழந்தவரும் அவரே. ஊர்விட்டு ஊர் வந்து சங்கம் கண்டு வாழும் நம் குடும்பத்தினர் அவர் வரலாற்றை அறிவது பயன் தரும். அவர் பெயர் ஆல்பர்ட் ஹென்றி.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நியூசிலாந்துக்கு வடகிழக்கில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடப்பவை குக் தீவுகள். எண்ணிக்கையில் அவை 15. எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு 240 சதுர கிலோமீட்டர் அளவே தேறும்; அவற்றுக்கு உரிய கடற்பரப்போ ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீட்டர். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மாவோரி இனத்தவர். தலைமைத் தீவு ராரோடோங்கா, தலைநகர் அவாருவா. 1888-இல் பிரிட்டனின் பாதுகாப்புக்கு உட்பட்ட இத்தீவுகள் 1901-இல் நியூசிலாந்துடன் இணைக்கப்பட்டன. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீவினரின் வாழ்வு தாழ்வுகள் யாவும் கடலுக்கு அப்பாலிருந்து தீர்மானிக்கப்பட்டன.

அத்தீவுகளுள் ஒன்றாகிய ஐடுடாகியில் 1907-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ஆல்பர்ட் ஹென்றி பிறந்தார். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் புனித ஸ்டீபன் கல்லூரியில் பயின்றார். தாயகம் மீண்டு ஆசிரியப் பணி புரிந்தார். அக்காலத்தில் தீவினருக்குக் கொப்பரையும் ஆரஞ்சுப் பழமுமே கைப்பொருள் ஈட்டித் தந்தவை. கப்பல் உரிய காலத்தில் வாராவிடின் பறித்த பழம் கரையிலேயே அழுகும். உழைத்தவனுக்குக் கூலியும் குறைவு. இந்நிலையில் இளைஞர் பலர் நியூசிலாந்துக்குக் குடிபெயரலாயினர். ஹென்றியும் 1942-இல் குடும்பத்துடன் ஆக்லாந்து சென்று சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய பொதுவாழ்வு உருப்பெற்றது. தீவினரின் உரிமைக்காக 1940-களில் தோன்றிய குக் தீவுகள் முற்போக்குச் சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். தாயகத்துப் பழங்களைத் தாமே ஏற்றி வரச் சொந்தக் கப்பல் வேண்டும் என்று சங்கத்தார் கருதினர். தொழிற்சாலைகளிலும் வீடுகளிலும் உழைத்துச் சேர்த்த சிறு தொகைகளை உறுப்பினர்கள் மனமுவந்து அளித்தனர். கப்பலும் வாங்கப்பட்டது. ஆயினும் அம்முயற்சி கைகூடவில்லை. கொடுத்தோர் பணம் கடலில் கரைத்ததாயிற்று. பின்னாளில் அவர் வாழ்வில் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால், புலம்பெயர்ந்தோர் தம் நாட்டின் பெயரைச் சொன்ன அளவிலே பணப்பையைத் திறப்பர் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார் என்று எண்ணத் தோன்றுகிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. குடியேற்ற நாடுகள் விடுதலை பெறும் காலம் வந்தது. நியூசிலாந்தும் தீவினருக்குத் தன்னாட்சி வழங்க முன்வந்தது. 1964-இல் ஹென்றி, தம் ஐம்பத்தேழாம் வயதில், தாயகம் திரும்பிக் குக் தீவுகள் கட்சியை நிறுவினார். 1965 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பார்வையாளர் முன்னிலையில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. 22 இடங்களில் 14 இடங்களை அவருடைய கட்சி வென்றது. ஆனால் கட்சியின் தலைவரோ வேட்பாளராகவே நிற்க இயலவில்லை! நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்தமையால், தீவில் குறித்த காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்னும் விதி அவரைத் தடுத்தது. அவருக்காக அவருடைய சகோதரி மார்கரீட் ஸ்டோரி போட்டியிட்டு வென்றார். புதிய மன்றம் அவ்விதியைத் தளர்த்தியதும், சகோதரி பதவி விலகி வழிவிட்டார். இடைத்தேர்தலில் ஹென்றி வெற்றி பெற்றார். அவ்வம்மையார் பின்னர் மன்றத்தின் சபாநாயகராக விளங்கினார்.

1965 ஆகஸ்டு 4-ஆம் நாள் தன்னாட்சி நடைமுறைக்கு வந்தது. ஹென்றி முதற் பிரதமரானார். இத்தன்னாட்சியின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. உள்நாட்டுச் சட்டங்கள் அனைத்தும் தீவினருடையவை. வெளியுறவும் பாதுகாப்பும் அன்று நியூசிலாந்தின் பொறுப்பாயிருந்தன. தீவினர் நியூசிலாந்தின் குடியுரிமையை இழக்கவில்லை; விரும்பினால் முழு விடுதலை பெறவும் அவர்களுக்கு வழி உண்டு. சிறு நாடொன்று பெரிய நாட்டின் துணையையும் விடாது, தன் மானத்தையும் விடாது வாழ்வதற்கு இது ஒரு முன்மாதிரியாயிற்று.

ஹென்றியின் ஆட்சியில் முதியோர்க்கு உதவித்தொகை கிடைத்தது. வழிவழி வந்த குலத்தலைவர்களுக்கென ஆலோசனை மன்றம் அமைந்தது. மாவோரி மொழியும் ஆடலும் பாடலும் சிறப்பிடம் பெற்றன. ராரோடோங்காவில் பன்னாட்டு விமான நிலையம் எழுந்தது. 1974-இல் எலிசபெத் அரசியார் அதனைத் திறந்து வைத்தார். அவ்வாண்டிலேயே ஹென்றிக்கு ‘சர்’ பட்டமும் கிடைத்தது. மக்கள் அவரைத் தந்தையெனப் போற்றினர். எனினும், உற்றார் உறவினருக்கும் கட்சியினருக்கும் அரசுப் பதவிகள் சென்றன என்னும் குறை நாளுக்கு நாள் வளர்ந்தது.

விமான நிலையத்தால் விளைந்தது ஒன்றன்று. உல்லாசப் பயணிகள் வந்தனர். தீவினரோ முன்னிலும் எளிதாக வெளியேறினர். அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சியாளராக விளங்கிய டாக்டர் டாம் டேவிஸ் தாயகம் திரும்பி, ஜனநாயகக் கட்சியைத் தோற்றுவித்து, வலிய எதிரியானார். 1978 மார்ச்சில் தேர்தல் வந்தபோது வெற்றி எவர் பக்கம் என்பது ஐயமாயிருந்தது. நியூசிலாந்தில் இருந்த வாக்காளர் நேரில் வந்தாலன்றி வாக்களிக்க இயலாது. ஹென்றியின் கட்சி தனி விமானங்களை அமர்த்தி, ஆளுக்கு 20 டாலர் மட்டும் பெற்று, ஆதரவாளரை அழைத்து வந்தது. எதிர்க்கட்சியாரும் விமானத்தில் ஆள் கொணர்ந்தனர். ஆனால் அவர்கள் பயணக் கட்டணத்தைத் தாமே செலுத்தினர்.

ஹென்றியின் கட்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உலகெங்குமுள்ள தபால்தலை சேகரிப்போர் குக் தீவுகளின் தபால்தலைகளை விரும்பி வாங்குவர். அது தீவுகளின் கருவூலத்துக்கு நல்ல வருவாய். அவ்வருவாயிலிருந்தே, அமெரிக்க வணிக நிறுவனம் ஒன்றின் உதவியுடன், விமானச் செலவுக்குப் பணம் திருப்பப்பட்டது. தேர்தலில் ஹென்றி வென்றார். வழக்குத் தொடுக்கப்பட்டது. ஜூலையில் தலைமை நீதிபதி, அவ்வாறு கொணரப்பட்டோர் வாக்குகள் செல்லா எனத் தீர்ப்பளித்தார். பெரும்பான்மை மாறியது, அன்று பிரதமராயிருந்தவர் மறுநாள் பிரதமராக இல்லை. டேவிஸ் பதவியேற்றார். வாளோ துப்பாக்கியோ எழவில்லை. ஒரு தீர்ப்பினாலேயே ஆட்சி கைமாறிற்று. தீவினருக்கு இது பெருமையே.

1979-இல் ஹென்றி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் விதிக்கப்பட்டது, நன்னடத்தைக் கண்காணிப்பிலும் வைக்கப்பட்டார். 1980-இல் பட்டமும் பறிக்கப்பட்டது. 1981 ஜனவரி முதல் நாள், 73-ஆம் வயதில், அவர் காலமானார். அவாருவாவின் தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை உள்ளது. அதன்மேல் அவரது மார்பளவுச் சிலை. அச்சிலைக்கு மெய்யான மூக்குக்கண்ணாடியே அணிவித்திருக்கின்றனர். 2023-இல், இறந்து நாற்பதாண்டுகளுக்குப் பின், அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குக் தீவு இனத்தவர் எனத் தம்மைக் குறித்துக்கொண்டோர் நியூசிலாந்தில் 80,000-க்கும் மேற்பட்டோர். தீவுகளில் எஞ்சியிருப்போரோ ஏறத்தாழ 15,000 பேரே. நாட்டை ஆண்ட தலைவர், நாட்டுக்கு வெளியே வாழும் மக்களின் அன்பை நாடியதில் வியப்பில்லை. அவ்வன்பு கட்டாயமின்றி வரவேண்டியது. அதனைப் பொதுப்பணத்தால் ஏற்றி வந்ததே பிழையாயிற்று.

கப்பலுக்குத் தாமே முன்வந்து கொடுத்தார்களே, அன்று அவர்கள் பணம் போயிற்று. ஆயினும் மானம் போகவில்லை. அவர்கள் அறியாது எடுக்கப்பட்ட பணமோ தலைவரையே வீழ்த்திற்று. ஆண்டு விழாவுக்கு நன்கொடை திரட்டும் நம் சங்கங்களுக்கும், கணக்கேட்டைத் திறந்து வைக்கும்போதெல்லாம், இந்த வேறுபாடு நினைவில் இருத்தல் நன்று.