சுழலும் மண்வெட்டி
19 வயதில் ஹோவர்டு கண்ட புதிய ஏர்

டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் ரோட்டவேட்டரைப் பார்த்திருப்பீர்கள். கட்டிகளை உடைத்து, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். நம் விகடகவி மாதிரி!

இதைச் செய்தவர் ஆர்தர் கிளிபோர்டு ஹோவர்டு. ஆஸ்திரேலியாக்காரர். 1893-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குரூக்வெல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் விவசாயி.

ஹோவர்டு பட்டறையில் இயந்திர வேலை பழகினார். ஆனால் அவர் மனம் வயலிலேயே இருந்தது.

நீராவி எஞ்சின்

கலப்பையை இழுக்க எஞ்சினுக்குப் பலம் வேண்டும். தரையில் சக்கரம் வழுக்காமல் இருக்க அதற்குக் கனமும் வேண்டும். அந்தக் கனமே மண்ணை அழுத்தி இறுக்கிவிடுகிறது. கலப்பை இளக்குகிறது, சக்கரம் இறுக்குகிறது. இது என்ன உழவு?

ஹோவர்டு யோசித்தார். எஞ்சினின் சக்தியை இழுப்பதற்குச் செலவிடுவானேன்? கொத்துகிற கத்திக்கே நேராகக் கொடுத்தால் என்ன?

1912-ல் கில்காண்ட்ராவில் இருந்த தகப்பனாரின் பண்ணையில் சோதனை தொடங்கியது. நீராவி டிராக்டரின் எஞ்சினைக் கொண்டு கத்திகளைச் சுழல விட்டார். மண் இறுகவில்லை. ஆனால் இன்னொரு தொல்லை வந்தது. கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன!

கத்தியின் உருவத்தை மாற்றினார். நுனி மடங்கி, ஆங்கில 'எல்' எழுத்துப் போன்ற கத்தி. மண் இருந்த இடத்திலேயே விழுந்தது. இன்றைக்கு ஓடும் ரோட்டவேட்டர்களிலும் பெரும்பாலும் அந்த வளைந்த கத்திதான்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் சிலர் சுழல் கருவிகள் செய்து பார்த்தார்கள். ஆனாலும் உலகமெங்கும் பரவியது ஹோவர்டின் கருவியே.

யுத்தம் குறுக்கிட்டது

நண்பர் ஒருவருடன் கம்பெனி தொடங்கினார். 1914-ல் உலக யுத்தம் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. பெட்ரோல் எஞ்சினுடன் கருவியைத் திருத்தி, 1920-ல் காப்புரிமை பெற்றார். 1922-ல் மறுபடியும் கம்பெனி பிறந்தது. 1938-ல் இங்கிலாந்து சென்று, எசெக்ஸில் இன்னொரு கம்பெனி தொடங்கினார்.

மறு ஆண்டே இரண்டாவது யுத்தம். இங்கிலாந்தில் உணவுக்குத் தட்டுப்பாடு. பூங்காக்களையும் புல்தரைகளையும் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். பட்டணத்துக் குடும்பங்கள் துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டன. ஒரு துண்டு சுமார் 6 சென்ட். அநேகர் மண்வெட்டியாலேயே கொத்தினார்கள்.

எவ்வளவு நிலத்துக்கு எந்தக் கருவி?

ஹோவர்டு கம்பெனி சிறு நிலத்துக்கும் கருவிகள் செய்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும். 'ஜெம்' என்பது கனமானது. காய்கறி விளைத்து விற்பவர்களுக்கு ஏற்றது. 'பேண்டம்' அதைவிடச் சிறியது. வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும்.

சிறிய எஞ்சின் எப்படிப் போதும்? சுழலும் கத்திகள் மண்ணைக் கொத்தும்போதே கருவியை முன்னால் தள்ளுகின்றன. ஆனால் இதிலேயே ஒரு கஷ்டமும் உண்டு. இறுகிய தரையில் இலேசான கருவி துள்ளும், ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். அப்படிப்பட்ட மண்ணுக்குக் கனமான கருவிதான் சரி. இல்லாவிட்டால் தண்ணீர் விட்டு, ஈரம் பக்குவமானதும் முதலில் மேலாகவும், பிறகு ஆழமாகவும் இரண்டு முறை ஓட்டவேண்டும்.

6 சென்ட் நிலத்துக்காக இதைச் சொந்தமாக வாங்குவது, ஒரு படி நெல் குத்த ஆலை கட்டுவது போல! ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

அருகும் கோரையும் மண்டிய நிலத்தில் ஜாக்கிரதை தேவை. அருகின் வேர்க்கொடியைக் கத்தி துண்டு துண்டாக்கும். ஒவ்வொரு துண்டும் முளைக்கும். கோரைக் கிழங்கையும் கத்தி தோட்டம் முழுவதும் பரப்பிவிடும். முதலில் அவற்றைக் கையால் பொறுக்குவதே நல்லது. மண்ணை மாவாக அரைப்பதும் தவறு. அடுத்த மழையில் மேல்மண் ஏடு கட்டி இறுகிவிடும்.

ஹோவர்டு 1971-ல் காலமானார். ரோட்டவேட்டர் என்பது அவர் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். இப்போது எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும், தமிழ்நாட்டு உழவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாடகை கேட்கிறார்கள்.