அலெக்சாண்டர் பிளெமிங்

ஸ்காட்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் 1881ஆம் ஆண்டு பிறந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். இலண்டனில் கப்பல் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய பின்னரே அவர் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் இராணுவ மருத்துவராக இருந்தார். குண்டடிபட்டும் பிழைத்த வீரர்கள் பலர், புண்ணில் சீழ்பிடித்து மடிவதை அங்கே கண்டார்.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து ஆய்வகம் திரும்பினார். பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வேறொருவராயின் கழுவி வைத்திருப்பார். பூஞ்சணத்தைச் சுற்றிலும் பாக்டீரியா அழிந்திருந்ததைப் பிளெமிங் உற்றுநோக்கினார். பென்சிலின் இவ்வாறு கண்டறியப்பட்டது. அதனை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த புளோரி, செயின் குழுவினர். இவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மூவருக்கும் 1945இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் பிளெமிங் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். கொல்வதற்குப் போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்றார். அதனை விளக்க ஒரு கற்பனைக் கதையும் கூறினார். தொண்டைவலி கண்ட ஒருவர் தாமே பென்சிலின் வாங்கிக் குறைவாக உட்கொள்கிறார். எஞ்சிய கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்று, அவர் மனைவியைத் தொற்றுகின்றன. மனைவிக்கு நிமோனியா காண்கிறது. மருத்துவர் அளிக்கும் பென்சிலின் பலிக்கவில்லை. அவர் இறந்துபோகிறார். அவ்விறப்புக்குப் பொறுப்பு யார் எனக் கேட்டு, கணவரே என்று விடையும் கூறினார் பிளெமிங்.

அவர் 1955இல் காலமானார். அன்று அவருடைய தட்டில் அழிந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி. பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் அதற்குள் மருத்துவமனைகள் பலவற்றில் பரவியிருந்தது.