சலீம் அலி: கணக்குப் படித்த பறவை மனிதர்



கோடை வந்துவிட்டால் நம்மில் பலர் பால்கனியில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் ஒரு பிடி அரிசியோ கம்போ வைக்கிறோம். வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். யார் வந்தது, என்ன செய்தது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு. அப்படி நின்று பார்த்தே பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். அவர் சலீம் அலி. என்னைப் போன்ற பி.காம்.காரர்களுக்கு ஒரு கூடுதல் சந்தோஷம், அவரும் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கும் படித்தவர்!

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளை இல்லாத தாய்மாமா அமீருதீனும் மாமி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். மாமாவுக்கு வேட்டையில் ஆசை. பையன் கையிலும் ஒரு ஏர்கன் வந்து சேர்ந்தது.

இந்தப் பறவை மனிதரின் கதை பறவைகளைச் சுட்டுத்தான் ஆரம்பிக்கிறது. பத்து வயது வாக்கில், செம்பூரில் ஒரு குதிரை லாயத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. உள்ளே பெட்டை, வெளியே காவலுக்கு ஆண். ஆணைச் சுட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டை இன்னொரு ஆணோடு வந்தது. அதையும் சுட்டார். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். படிக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது, இல்லையா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையன் நடந்ததைக் குறிப்பாக எழுதி வைத்தான்.

இன்னொரு நாள் சுட்ட குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமாவுக்கு அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். செயலாளர் மில்லார்ட் அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டி, படிக்கப் புத்தகமும் கொடுத்தார். பையனின் பாதை அன்றே திரும்பிவிட்டது.

திரும்பினாலும் சோறு போட ஒரு தொழில் வேண்டுமே. பர்மாவில் குடும்பத்தின் சுரங்கம், மர வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளப் போனார். அவர் கண் கணக்குப் புத்தகத்தில் இருந்ததைவிடக் காட்டில்தான் அதிகம் இருந்தது. 1917-ல் பம்பாய் திரும்பி டாவர் வணிகக் கல்லூரியில் சேர்ந்தார். கூடவே செயிண்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918-ல் தெஹ்மினாவுடன் திருமணம். பர்மா வியாபாரம் கடைசியில் நொடித்துப்போயிற்று. முறையான பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் துறையில் பறவை வேலையும் கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை, மாதம் 350 ரூபாய். மேற்கொண்டு கற்றுக்கொள்ள 1928-ல் பெர்லின் போய் ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயின்றார். 1930-ல் திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்.

வயது 33. வேலை இல்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அப்பால் கடலோரத்தில் இருக்கும் கிஹிம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அந்த மழைக்காலத்தில் தினமும் மறைவாக உட்கார்ந்து பார்த்தார், எழுதினார்.

தூக்கணாங்குருவி என்றால் நமக்குப் பாட்டி சொன்ன கதைதான் தெரியும். கூட்டில் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்பார்கள். களிமண் நிஜம், விளக்குதான் கதை. பாதி கட்டிய கூடுகளும் தொங்குமே, அவை ஆண் குருவி உட்கார்ந்து ஊஞ்சலாட என்று சொல்லிவந்தார்கள். சலீம் அலி கண்டது வேறு. ஆண் கூட்டைப் பாதி வரை பின்னி நிறுத்தும். பெட்டைகள் வந்து, நாம் ஃபிளாட் பார்ப்பதுபோல உள்ளே போய் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ஒரு பெட்டைக்குப் பிடித்துவிட்டால்தான் ஆண் மீதியைக் கட்டும், நீண்ட வாசல் குழாய் உட்பட. பெட்டை முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் பக்கத்தில் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெட்டைக்குக் காத்திருக்கும். பாதிக் கூடு என்பது யாருக்கும் பிடிக்காத அல்லது இன்னும் யாரும் பார்க்காத வீடு. 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். பறவை அறிஞர்கள் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது இதிலிருந்துதான். வேலையில் இருந்திருந்தால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார முடிந்திருக்குமா?

பிறகு ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுத்தார். செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்பது அவருடைய ஏற்பாடு. பல பயணங்களில் தெஹ்மினாவும் முகாமில் கூடவே இருந்தார். 1939-ல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கமூவின் குடும்பத்தோடு இருந்துகொண்டு வேலையில் மூழ்கினார். இரண்டே வருடத்தில், 1941-ல், சாதாரண ஜனங்களுக்கான இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தது. இன்றும் பலர் கையில் முதல் பறவைப் புத்தகம் அதுதான். அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. அதாவது, எழுபதைத் தாண்டிய பிறகு! அறுபதில் ஓய்வு பெற்று, இனி என்ன இருக்கிறது என்று சோபாவில் சாய்ந்த என் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்.

1976-ல் பத்ம விபூஷணும், கெட்டி பரிசாக 50,000 டாலரும் வந்தன. பரிசுப் பணத்தை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டார். பரத்பூர் ஏரியையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். எட்டுக் குருவிகளைச் சுட்ட அதே கைதான் அதற்கும் கடிதம் எழுதியது. 1987-ல், தொண்ணூறு வயதில் காலமானார். அவர் பெயரிலான பறவை ஆராய்ச்சி மையம் நம் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் இருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். போன பங்குனியில் பி பிளாக் பின்புறச் செம்பருத்திப் புதரை வெட்ட முடிவு செய்தோம். கமிட்டியில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வெட்டிப்போட்ட பிறகுதான் பார்த்தோம், கிளையில் தேன்சிட்டுக் கூடு தொங்கியது, உள்ளே இரண்டு குஞ்சுகள். பிழைக்கவில்லை. தாய்க்குருவி மூன்று நாள் அந்த இடத்தையே சுற்றி வந்தது. நான் தினமும் காலை நடை போகும் இடம் அது. ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். கோடையில் தண்ணீர்ச் சட்டியை நிழலில் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். மழைக்காலத்தில் கூடு கட்டும் குருவிகளைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஐப்பசி முதல் மாசி வரை வாலாட்டிக் குருவி, ஆறுமணிக்குருவி போன்ற விருந்தாளிகள் வரலாம், கண்ணை வையுங்கள். எந்த மாதமானாலும், கிளை வெட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வாட்ச்மேன் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, இடம், பார்த்த பறவை, இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள். மஞ்சள் தொண்டை என்பதில்தான் அவரும் ஆரம்பித்தார்.