பாட் ரேட் 9600: யார் இந்த எமில் போதோ?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் கடைகளில் எலெக்ட்ரானிக் தராசையோ பழைய பில் பிரின்டரையோ கம்ப்யூட்டரோடு இணைக்க வருபவர் முதலில் பார்ப்பது ‘பாட் ரேட்’ செட்டிங். ஆர்டுயினோ வைத்து காலேஜ் புராஜெக்ட் செய்தவர்களுக்கும் 9600 என்ற எண் பழக்கம்தான். அந்த ‘பாட்’, பிரான்ஸைச் சேர்ந்த தந்தி ஊழியர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது.

விவசாயி மகன்

1845 செப்டம்பர் 11-ல் மான்யோ கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பிறகு வயல் வேலை. 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார்.

என்ன செய்தார்?

மோர்ஸ் முறையில் ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி போதும், இன்னொன்றுக்கு நான்கு குறிகள் வேண்டும். ஆபரேட்டரின் கை வேகம்தான் கம்பியின் வேகம். மற்ற நேரம் கம்பி சும்மா கிடக்கும்.

போதோ எல்லா எழுத்துக்கும் சரியாக ஐந்து குறிகள் வைத்தார். ஒவ்வொரு குறியும் பிளஸ் மின்னோட்டம் அல்லது மைனஸ் மின்னோட்டம். அப்படி 32 சேர்க்கைகள் கிடைக்கும். சுழலும் பிரஷ் ஒன்று பல ஆபரேட்டர்களுக்கு மாறி மாறி கம்பியைக் கொடுத்தது. இரு முனையிலும் பிரஷ் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். இல்லையென்றால் செய்தி குளறுபடிதான். 1874-ல் காப்புரிமை, 1877-ல் பாரிஸ் - போர்தோ தடத்தில் பயன்பாடு.

கொடுத்த விலை

1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் துறையிடமிருந்து பெரிய உதவி இல்லை. பல முறை கைக்காசு போட்டுத்தான் ஆராய்ச்சி. 1880-ல் அந்தப் பதக்கத்தையே விற்க வேண்டி வந்தது. உடல்நலமும் கடைசிவரை படுத்தியது. 1890-ல் திருமணம், மூன்றே மாதத்தில் மனைவி இறந்தார். 1903 மார்ச் 28-ல், 57 வயதில் போதோ காலமானார். சிக்னல் வேகத்தின் அலகுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது அதற்கும் பிறகுதான்.

சிப்புக்குள் என்ன நடக்கிறது?

பிளஸ், மைனஸ் என்ற அதே பாணி 1960-ல் வந்த ஆர்எஸ்-232 முறையிலும் உண்டு. இதில் 1 என்றால் மைனஸ் வோல்ட், 0 என்றால் பிளஸ். நடுவில் -3 முதல் +3 வரை செல்லாது. அதனால் கம்பியில் சின்னச் சின்ன இரைச்சல் வந்தாலும் 1, 0 மாறிப்போகாது.

சிக்கல் என்னவென்றால், போர்டில் இருப்பது வெறும் 5 வோல்ட். மைனஸுக்கு எங்கே போவது? 1987-ல் வந்த மேக்ஸ்232 சிப் இதற்கு கெபாசிட்டர்களைப் பயன்படுத்தியது. ஒரு கெபாசிட்டரை 5 வோல்ட்டுக்கு சார்ஜ் செய்து, டார்ச்சில் பேட்டரி அடுக்குவது போல 5 வோல்ட் சப்ளையின் மேல் வைத்தால் 10. அந்த 10-ஐ இன்னொரு கெபாசிட்டரில் ஏற்றி, தலைகீழாக மாட்டினால் -10. சிப்புக்குள் உள்ள ஸ்விட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இதைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. லோடு ஏறினால் வோல்ட் கொஞ்சம் குறையும். ஆனாலும் சிக்னலுக்குப் போதும்.

9600 பாட் என்றால் நொடிக்கு 9,600 குறிகள் வரை அனுப்பலாம். இரண்டு பக்கமும் இந்த எண் ஒத்துப்போக வேண்டும். ஸ்கிரீனில் புரியாத எழுத்துகள் கொட்டினால், முதலில் இதைச் சரிபாருங்கள். போதோவின் பிரஷ்ஷுக்கு இருந்த அதே நிபந்தனைதான் இது.