எரிதலின் மறைபொருள் கண்ட லவாய்சியர்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே செல்வோர் கண்டமங்கலத்தையும் வில்லியனூரையும் கடந்தால், முன்னாளில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியை அடைவர். அந்நகர் 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வங்கத்துச் சந்திரநாகூர் 1757-லேயே வீழ்ந்திருந்தது. கங்கைச் சமவெளியில் விளைந்த வெடியுப்பு பிரான்சுக்குக் கிட்டுவது அரிதாயிற்று. வெடியுப்பின்றி வெடிமருந்து இல்லை. காற்றுப் புகாத பீரங்கிக் குழலுக்குள் கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தருவது அதுவே. 1775-இல் வெடிமருந்துத் துறையைச் சீர்செய்யப் பிரெஞ்சு அரசு அமர்த்திய நால்வருள் ஒருவரே, எரிதலில் உயிர்வளிக்குள்ள பங்கை உலகிற்கு விளக்கிய அந்துவான் லவாய்சியர்.

1743-இல் பாரிசில் பிறந்த இவர் சட்டம் பயின்றவர். வேதியியல் இவர் தாமே விரும்பித் தழுவிய துறை. 1768-இல் அறிவியல் கழகத்தில் இடம்பெற்றார். அதே ஆண்டில், அரசுக்காக மக்களிடம் வரி தண்டும் குத்தகைக் குழுவில் ஒரு பங்கினை வாங்கினார். அவ்வருவாயே அந்நாளின் மிக நுட்பமான தராசுகளை இவருக்கு வாங்கித் தந்தது. அதுவே பின்னர் இவர் உயிருக்கும் உலை வைத்தது.

எரியும் பொருளிலிருந்து ஃபுளோசிஸ்டன் என்னும் ஒன்று வெளியேறுகிறது என்பதே அக்கால அறிஞர் கொள்கை. விறகு எரிந்து சிறிது சாம்பலே எஞ்சுவதைக் காணும் நமக்கும் அது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் லவாய்சியர் கந்தகத்தையும் பாசுபரசையும் எரித்து நிறுத்துப் பார்த்தார். எடை கூடியிருந்தது! வெளியேறிய ஒன்றால் எடை கூடுமோ? காற்றிலிருந்து ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்க வேண்டும் என 1772-இல் எழுதி, முத்திரையிட்டுக் கழகத்திடம் ஒப்படைத்தார்.

வந்து சேர்ந்தது யாது? 1774-இல் இங்கிலாந்தின் பிரீசுட்லி பாரிசுக்கு வந்தபோது, பாதரசச் செந்தூளைச் சூடாக்கித் தாம் பெற்ற வளியில் மெழுகுவத்தி மிகப் பொலிவுடன் எரிந்ததை விருந்தொன்றில் உரைத்தார். சுவீடனின் ஷீலேயும் அவ்வளியைத் தனியே கண்டிருந்தார். லவாய்சியர் அச்செய்தியைப் பற்றிக்கொண்டார். ஆனால் பிரீசுட்லிக்கு உரிய நன்றியை முறையாகக் கூறினாரல்லர். அவர் புகழில் படிந்த இம்மாசினை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் அவர் செய்த ஆய்வு பொறுமைக்கோர் இலக்கணம். அடைபட்ட காற்றோடு பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் இடைவிடாது சூடாக்கினார். காற்றில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்தது. பாதரசத்தின் மேல் செந்தூள் படிந்தது. எஞ்சிய காற்றில் சுடர் அணைந்தது. செந்தூளைத் தனியே எடுத்து மேலும் சூடாக்க, குறைந்த அளவு வளி மீண்டும் வெளிப்பட்டது. எரிதல் என்பது இழப்பன்று, உயிர்வளியோடு கூடுதலே என்பது ஐயமற விளங்கிற்று. விறகின் எடை குறைவது, அது உயிர்வளியோடு கூடிக் கரியமில வளியாகவும் நீராவியாகவும் பறந்துவிடுவதாலேயே. துருத்தியை ஊதுந்தோறும் கொல்லுலை சீறி எரிவதன் காரணமும் இதுவே.

அவ்வளிக்கு அமிலமாக்கி என்னும் பொருளில் ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். எல்லா அமிலங்களிலும் அது உண்டென அவர் எண்ணியது பிழை. உயிர்வளி என்னும் நம் தமிழ்ப்பெயரே பொருத்தமுடையது என்போம். லப்பிளாசுடன் இணைந்து, பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் சிறு விலங்கொன்றை வைத்து, அது உருக்கிய பனியை அளந்து, மூச்சுவிடுதலும் மெல்லிய எரிதலே என்று காட்டியவரும் அவரன்றோ!

1789-இல் அவரது வேதியியல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் புரட்சியும் வெடித்தது. வரிக்குத்தகையாளர்மீது மக்கள் கொண்ட சினம் அறிவியலை நோக்கி நிற்கவில்லை. 1794 மே 8 அன்று, மாமனார் உள்ளிட்ட குத்தகையாளர் பலரோடு, தம் ஐம்பதாம் அகவையில் கில்லட்டினுக்கு இரையானார்.

ஆய்வுக்கூடத்தில் உடனிருந்து குறிப்பெழுதியவரும், நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் துணைவியார் மரி ஆன். பறிமுதலான ஏடுகளையும் கருவிகளையும் மீட்டு, கணவரின் கட்டுரைகளை அவர் நூலாக்கி வழங்கினார். 1836-இல் அவர் மறைந்தார்.