விசிறியை வெறுத்த ஸ்டீவ் ஜொப்ஸ்

நேர்காணல்களை லப்டொப்பிலேயே ஒலிப்பதிவு செய்பவள் நான். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து லப்டொப்பின் விசிறி இரையத் தொடங்கும். பிறகு அந்தக் குரலிலிருந்து இரைச்சலை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. இந்தச் சத்தத்தோடு கடைசிவரை பகைத்த ஒருவர் இருந்தார்: ஸ்டீவ் ஜொப்ஸ்.

1955 பெப்ரவரி 24ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெற்ற தந்தை சிரியாவின் ஹோம்ஸ் நகரைச் சேர்ந்தவர். தத்தெடுத்து வளர்த்தவர்கள் போல், கிளாரா ஜொப்ஸ் தம்பதியர். கல்லூரியை இடையில் விட்டார். 1974இல் இந்தியாவுக்குப் போய் வந்தார். சென் பௌத்தத் தியானத்தில் ஊறியவருக்கு, மேசையில் இரையும் இயந்திரம் மனதைக் குலைக்கும் ஒன்றாகப் பட்டது.

1976இல் அப்பிள் நிறுவனம் தொடங்கியது. மறு ஆண்டு வந்த அப்பிள் 2 கணினிக்கு விசிறியே கூடாது என்றார். றொட் ஹோல்ற் என்ற பொறியியலாளர் வழி கண்டார். அன்றைய சாதாரண மின்வழங்கிகள் மின்சாரத்தில் பெரும்பங்கை வீணே வெப்பமாக்கின. ஹோல்ற் செய்தது, மின்னோட்டத்தைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டுவிட்டுச் செலுத்தும் மின்வழங்கி. வெப்பம் குறைந்தது, விசிறி தேவைப்படவில்லை.

வெப்பத்தை ஒளிக்க முடியாது, குறைவாக உண்டாக்கத்தான் முடியும். ஜொப்ஸ் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். 1980இல் வந்த அப்பிள் 3க்கும் விசிறி இல்லை. கனமான அலுமினியச் சட்டகமே சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே சூடேறி, சில்லுகள் பொருத்திய இடத்திலிருந்து கழன்றன. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போட்டுப் பாருங்கள் என்று பாவனையாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிலை வந்தது. 4,000 டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களுக்கு! அமைதி அவருடைய விருப்பம்; நட்டம் வாங்கியவருடையது.

1984இல் வந்த மக்கின்டொஷும் விசிறி இல்லாமலே சூடேறியது. 1985இல் அவர் வெளியேறினார். 1987இல் வந்த மக்கின்டொஷ் எஸ்இயில் விசிறி இருந்தது. 1997இல் திரும்பியவர், 2000இல் மறுபடியும் விசிறியற்ற ஜி4 கியூப்பைக் கொண்டுவந்தார். அழகானது, விலையோ அதிகம், ஒரு வருடத்தில் நின்றுபோனது. 2008இல் கடித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டிய மக்புக் எயாருக்குள் விசிறி வைக்காமல் அவராலும் முடியவில்லை.

புற்றுநோயோடு போராடி, 2011 ஒக்டோபர் 5ஆம் திகதி 56 வயதில் இறந்தார்.

2020 நவம்பரில் வந்த மக்புக் எயாரில் விசிறி இல்லை. ஹோல்ற் போன அதே வழி: சில்லு எடுக்கும் மின்சாரமே குறைவு, அதனால் சூடும் குறைவு. ஆனாலும் மத்தியான வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருந்து நீண்ட காணொளி ஒன்றைத் தொகுத்தால், அது சத்தமில்லாமல் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.